மடிக்காத இலை

மார்கழி விடைபெறும் நாட்களில் கெடிலக் கரைக்கு ஒரு மௌனம் வாய்க்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடலிலிருந்து எழுந்து வந்து தென்னைகளை உலுக்கிய காற்று, சினம் தணிந்து எங்கோ போய்ப் படுத்துக்கொள்ளும். துலக்கிக் கவிழ்த்த உருளியைப் போல வானம் தெளியும். விடியலில் இறங்கும் பனி எளிதில் கலையாது. மின்கம்பியிலும் எருக்க இலையிலும் துளித்துளியாகத் தங்கி, வெயில் வந்து கேட்கும்வரை காத்திருக்கும். வெள்ளாற்றுக்குத் தெற்கே சம்பாக் கதிர் முற்றி, தன்னை விளைவித்த மண்ணை நோக்கித் தலை தாழ்த்தி நிற்கும். மழை தன் வேலையை முடித்துவிட்டது, வெயில் இன்னும் தன் வேலையைத் தொடங்கவில்லை என்று சொல்லத்தக்க அந்த இடைவெளியில், இந்த நாடு முழுவதும் ஒரு பெரிய வாசலின் முன்னால் கைகட்டி நிற்பதுபோல் தோன்றும்.

தை பிறந்ததும் அந்த மௌனத்துக்குள் மேளம் நுழையும். ஒரு மாதம் மூடிக் கிடந்த கல்யாண மண்டபங்கள் திறக்கும். வாழை மரங்கள் வாசல்களில் ஏறி நிற்கும்.

தையின் முதல் முகூர்த்த நாளன்று, பனி விலகாத காலையில், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் இசைவாணி அமர்ந்திருந்தாள். பக்கத்தில், சன்னலோரம், செந்தமிழ்செல்வன். பின்னிருக்கையில் அவனுடைய தாய் மங்கலம். சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்தபோது வழக்கமான ரசாயன நெடி உள்ளே வந்தது. செல்வன் மூக்கைப் பொத்திக்கொண்டான். நெடி போனபின் கையை எடுத்தான். பேசவில்லை. இருபத்திரண்டு வயதில் அவன் பேசும் சொற்கள் மிகக் குறைவு. ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவனுடைய தெரு வேறு பெயர்களைச் சொன்னது. மங்கலம் எதையும் சொல்லாமல் அவனை வளர்த்தாள்.

இசைவாணியின் வேலை விநோதமானது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய நிலையத்துக்கு, வேலைக்குப் போக வயது வந்தும் யாரும் அழைக்காத இளைஞர்கள் வந்தார்கள். காப்பகங்களிலிருந்து வெளியேறியவர்கள், காது கேளாதவர்கள், செல்வனைப் போன்றவர்கள். அவர்களுக்கேற்ற வேலையை அவள் தேட வேண்டும். பிறகு அந்த வேலையைத் தானே செய்து கற்று, அருகில் நின்று கற்பிக்க வேண்டும். அதன்பின் ஒரு நாள் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்; இன்னொரு நாள் கதவுக்கு வெளியே. கடைசியில் அங்கே அவள் இருந்த சுவடே இருக்கக் கூடாது. கற்பிப்பது அவளுக்கு எளிது. விலகுவதுதான் ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைத்தது.

செல்வனுக்காக முதலில் சிப்காட் பக்கம் ஒரு பொட்டலம் கட்டும் கூடத்தில் இடம் கேட்டிருந்தாள். ஆலைச் சங்கு ஊதும் நேரமெல்லாம் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த வாரமே திரும்ப அழைத்து வந்தாள். பிறகு திருவதிகையில் ஓர் அன்னதானத்துக்குப் போயிருந்தபோது, யாரும் கேட்காமலே அவன் இலை போட்டதைப் பார்த்தாள். நுனி இடப்பக்கம், அடி வலப்பக்கம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே இடைவெளி. நூல் பிடித்து வைத்ததுபோல் வரிசை நீண்டது. முடிவில் நின்று அதைப் பார்த்தபோது அவன் முகத்தில் வந்த அமைதியை, தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்களிடம் மட்டுமே அவள் கண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்துச் சமையல் ஒப்பந்தக்காரர் ஸ்ரீதரின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

பேருந்து புதுச்சத்திரத்தைக் கடந்தபோது மங்கலம் முன்னால் குனிந்தாள்.

"ஏம்மா இசை, இன்னிக்கி மட்டும் நீ உள்ள இருக்கக்கூடாதா?"

"கூடாதுன்னு ஸ்ரீதர் சார் சொல்லிட்டாருக்கா. நான் இருந்தா அவன் என்னையே பாக்கறான். ஆளே இல்லாம சமாளிக்கறானான்னு பாக்கணுமாம்."

"சமாளிக்கலன்னா?"

மங்கலத்துக்கே பதில் தெரியும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு தொழிற்சாலை கேண்டீனுக்கு வேலைக்குப் போகிறவள் அவள். வீட்டில் வேறு யாருமில்லை. தெருவில் இறங்கினால் செல்வன் ரயில் பாதை வரை நடந்து போய்விடுவான். ஆகவே பல ஆண்டுகளாகக் காலையில் சோற்றை மூடி வைத்து, மகனை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பூட்டும்போது அவன் உள்ளிருந்து கதவில் கை வைத்துக்கொண்டு நிற்பான். தட்டமாட்டான், வைத்துக்கொண்டு மட்டும் நிற்பான். பந்தி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பூட்டு ஆணியில் தொங்குகிறது.

"நான் கோயில்ல இருக்கேன். மண்டபத்துப் பக்கம் வந்தா என்னப் பாத்துட்டு ஓடியாந்துருவான். முடிஞ்சதும் நீயே வந்து சொல்லு. நல்லதோ கெட்டதோ, நீயே சொல்லு" என்றாள் மங்கலம்.

மண்டபம் கோயிலின் கிழக்கு வீதிக்கு அருகே இருந்தது. மேல்தளத்தில் மணமேடை, கீழ்த்தளத்தில் பந்திக்கூடம். மேளம் மேலேயே நின்றுவிடும் என்பதால்தான் இசைவாணி இந்த வேலைக்குத் துணிந்தாள். ஆனாலும் செல்வன் காதுகளை மூடும் கம்பளிக் குல்லாவைப் போட்டே வந்திருந்தான்.

"கல்யாணத்துக்குக் குல்லா போட்டுட்டு வந்த ஒரே ஆளு நீதான்டா" என்றான் ராஜாமணி. பந்தி மேஸ்திரி அவன். பரிமாறுகிறவர்கள், இலை எடுக்கிறவர்கள் எல்லாரும் அவன் கண் அசைவில் ஓடுவார்கள். "பொண்ணு வூட்டுக்காரங்க ஊட்டியிலேர்ந்து ஆளு வந்திருக்குன்னு நெனைச்சுக்கப் போறாங்க."

செல்வன் இலைக்கட்டைப் பார்த்தான். "ஈரம்" என்றான்.

"ஆமாண்டா, ஈரம்தான். நீதான் தொடைக்கணும். மேடம், உங்க ஆளு ஒவ்வொரு இலையையும் கண்ணாடி மாதிரி தொடைக்கறான். முகூர்த்தம் முடிஞ்சு, சாந்தி கல்யாணமும் முடிஞ்சு, கொழந்தைக்குக் காது குத்தறப்பதான் பந்தி ஆரம்பிக்கும்."

"தொடைக்கறத முன்னாடியே ஆரம்பிச்சுடச் சொல்லுங்கண்ணா. அவன் முடிச்சுடுவான்" என்றாள் இசைவாணி.

"அண்ணான்னுட்டீங்க. இனிமே திட்டவும் முடியாது."

ஸ்ரீதர் அடுக்களையிலிருந்து வந்தார். பருத்த உடல், தோளில் துண்டு, நெற்றியில் வியர்வையோடு கலந்த திருநீறு. அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கில்லம்மா? பண்ருட்டியில நடந்தது மாதிரி இங்க நடக்கக் கூடாது. பந்தியில ஒரு பிரச்சினை வந்தாலும் பேர் கெட்டுப்போகும். நீங்க கூடத்துக்குள்ள காலே வைக்கக் கூடாது. சைகை காட்டறதும் கூடாது. அவனா செஞ்சான்னா அவன் என் ஆளு. இல்லன்னா சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கும் வருத்தம்தான்."

பண்ருட்டியில் நடந்தது இதுதான். ஜாங்கிரியைத் தொடாமல் வைத்திருந்த ஒருவர், ஊர்ப்பெரியவர் கூடத்துக்குள் வந்ததும் மரியாதைக்காக எழுந்து நின்றார். அவர் உட்காருவதற்குள் செல்வன் இலையை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டான். அன்று மாலையே இசைவாணி அவனுக்கு ஒரு விதியைக் கற்பித்தாள். உண்டு முடித்தவர் இலையைத் தம் பக்கமாக மடிப்பார். மடித்தால் எடு, மடிக்கவில்லையென்றால் நில். மனிதர்களின் முகத்தைப் பார்ப்பது அவனுக்குக் கடினம். இலையைப் பார்ப்பது எளிது. ஆகவே அவள் இலையையே காட்டினாள். பயிற்சியின்போது அவன் தயங்கி நின்றுவிட்டால், தன் மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டுக் காட்டுவாள். அடுத்ததற்குப் போ என்று பொருள். அவன் உடனே நகர்வான்.

முதல் பந்திகள் குறையின்றி நடந்தன. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே இருந்த வாசலில், கை கழுவும் இடத்தையொட்டி, தூண் மறைவில் இசைவாணி நின்றாள். ஸ்ரீதர் மேசைகளின்மேல் தாள் விரிப்பதில்லை. இலைகளைத் தனியே கூடையில் சேர்த்து மாட்டுத் தொழுவங்களுக்கு அனுப்புவது அவருடைய வழக்கம். ஆகவே ஒவ்வோர் இலையையும் கையால் எடுக்க வேண்டும். செல்வன் எடுத்தான், மேசையைத் துடைத்தான், புது இலையைப் போட்டு நீர் தெளித்தான். குல்லாவுக்குக் கீழே அவன் முகம் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் முகம்போல் இறுகியிருந்தது.

முகூர்த்தம் முடிந்ததும் கூட்டம் மாடியிலிருந்து இறங்கி வந்தது. நாற்காலிகள் நிரம்பின. இடம் கிடைக்காதவர்கள், இந்தப் பக்கத்து வழக்கப்படி, உண்பவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உண்பவருக்குத் தம் கழுத்தில் ஒருவரின் மூச்சுப் படும். மோருக்குக் காத்திராமல் எழுந்துவிடத் தோன்றும்.

இசைவாணிக்குப் பக்கத்தில் வயதான பெண்மணி ஒருத்தி கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கையைத் துடைக்காமல், கடைசி வரிசையின் நடுவே அமர்ந்திருந்த ஒருவரையே பார்த்தாள்.

"அங்க குந்தியிருக்காரே, வெள்ளச் சட்ட, எங்க வூட்டுக்காரரு. கலியமூர்த்தின்னு பேரு. பொண்ணுக்குப் பெரியப்பா" என்று கேட்காமலே சொன்னாள். "பக்கவாதம் வந்து வலது கை சரியா தூக்க வராது. அதுலேர்ந்து பந்தியில குந்தறதே இல்ல. குந்துனாலும் எல்லாரும் எழுந்திருக்கச்சே பாதிச் சோத்துல எழுந்துருவாரு. வூட்டுக்கு வந்து பேசாம படுத்துப்பாரு. பசிக்குதான்னு கேட்டா, இல்லம்பாரு. நானு ஊட்டிவுட வந்தா வெக்கம். இன்னிக்கிப் பொண்ணு கையப் புடிச்சிக் கேட்டுச்சு, பெரியப்பா பந்தியில சாப்புடணும்னு. அதான் குந்தியிருக்காரு."

மாடியிலிருந்து யாரோ, "மாரியம்மா பெரியம்மாவக் கூப்புடுங்க, போட்டோ எடுக்கணும்" என்று குரல் கொடுத்தார்கள். அவள் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படி ஏறினாள்.

கலியமூர்த்தி வலக்கையால்தான் உண்டார். சாம்பார் சோற்றைக் கூட்டிச் சேர்க்கவே நெடுநேரம் ஆனது. கை எழும், பாதி வழியில் நடுங்கும், பருக்கைகள் சிந்தும். மிஞ்சியதை வாய் வந்து வாங்கிக்கொள்ளும். மறுபடி கை இலைக்குத் திரும்பும். இருபுறமும் இருந்தவர்கள் ரசத்துக்குப் போனார்கள், பாயசத்துக்குப் போனார்கள், மோரையும் முடித்தார்கள். வரிசை ஒன்றாக எழுந்தது.

அவரும் எழ முயன்றார். இடக்கையை மேசையில் ஊன்றினார். அவருடைய இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

செல்வன் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இலைகளை எடுத்துக்கொண்டு வந்தான். அவரை அடைந்ததும் நின்றான்.

இலை மடிக்கப்படவில்லை. அவன் கூடையைத் தரையில் வைத்தான்.

கலியமூர்த்தியின் நாற்காலிக்குப் பின்னால் பட்டுச் சட்டை அணிந்த ஒருவர் காத்திருந்தார். "தம்பி, எடுப்பா. அவரு முடிச்சிட்டாரு" என்றார்.

செல்வன் அசையவில்லை.

"காது கேக்கலியா? எடுப்பான்றேன். மாப்ள வூடு நாங்க. காலையிலேர்ந்து காப்பித்தண்ணியோட நிக்கறோம்."

செல்வன் ஓர் அடி எடுத்து வைத்தான். பட்டுச் சட்டைக்காரருக்கும் நாற்காலிக்கும் நடுவே இருந்த சிறிய இடத்தில் நுழைந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். நாற்காலியின் மேல்விளிம்பில் இருந்த அவருடைய கை தானாக விலகியது.

கூடத்தில் சில தலைகள் திரும்பின. காத்திருந்தவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. அடுக்களை வாசலில் ஸ்ரீதர் வந்து நின்றதை இசைவாணி கண்டாள். அவருடைய முகம் சுருங்கியிருந்தது.

நான் சொல்லிக்கொடுத்த விதி இவனைக் கட்டிப் போட்டுவிட்டது என்று நினைத்தாள். கை நடுங்குகிற மனிதர் இலையை மடிக்கமாட்டார். மடிக்காத வரை இவன் நகரமாட்டான். பட்டுச் சட்டைக்காரர் குரலை உயர்த்துவார். குரல் உயர்ந்தால் இவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்காருவான். அதன்பின் மீண்டும் மேல்பட்டாம்பாக்கம், மீண்டும் பூட்டு.

தூண் மறைவிலிருந்து வெளியே வந்தாள். ஒரே ஒரு சைகை போதும். மணிக்கட்டைத் தொட்டால் அவன் இலையை எடுத்துவிடுவான், சலசலப்பு அடங்கிவிடும். ஸ்ரீதர் கண்டிப்பார். கெஞ்சிப் பார்க்கலாம். கை தானாக மேலே எழுந்தது.

அப்போது அவள் பார்வை, செல்வன் காலடியில் இருந்த கூடையின்மேல் விழுந்தது.

கூடையில் மேலாகக் கிடந்தவை விரிந்த இலைகள். இந்த வரிசையின் முன்பாதியில் கல்லூரிப் பெண்கள் சிலர் அமர்ந்திருந்தார்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, இலையை மடிக்காமலே எழுந்து போனார்கள். அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அந்த இலைகளை இவன் எடுத்திருக்கிறான். எடுத்து, மேசையைத் துடைத்துவிட்டுத்தான் இந்த மனிதரிடம் வந்து நின்றிருக்கிறான். மடிக்கவில்லையென்றால் நில் என்ற விதியை அவன் எப்போதோ கடந்துவிட்டான். யாரும் கடக்கச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்படியானால் அவனை இங்கே நிறுத்தியது எது?

எழுந்த கையை இசைவாணி இறக்கினாள். கருவறைத் திரை விலகுமுன் மக்கள் நிற்பதை அவள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். அப்பத்தைப் பாதிரியார் உயர்த்தும்போது தான் மண்டியிட்டிருக்கிறாள். ஆனால் ஓர் எச்சில் இலைக்கு முன்னால் கம்பளிக் குல்லாவுடன் நின்ற அந்த இளைஞனின் முதுகைப் பார்த்தபோது உள்ளே எழுந்ததற்கு அவளிடம் பெயர் இல்லை.

ராஜாமணி விரைந்து வந்தான். "டேய் செல்வா, என்னாடா பண்ற? எடுறா இலைய."

செல்வன் அவனைப் பார்க்கவில்லை. கலியமூர்த்தியின் கையைப் பார்த்தான்.

"சாப்புடறாரு" என்றான்.

ராஜாமணியின் வாய் அடுத்த வசவுக்குத் திறந்தது, திறந்தபடியே நின்றது. அவன் குனிந்து பெரியவரைப் பார்த்தான். அவருடைய கண்கள் இலையில் இருந்தன. ஊன்றிய இடக்கை மேசையை விட்டு மெல்ல விலகியது. எழவிருந்த உடல் மறுபடி நாற்காலியில் அமர்ந்தது. வலக்கை சோற்றை நோக்கி நகர்ந்தது.

"அண்ணே" என்று ராஜாமணி பட்டுச் சட்டைக்காரரிடம் திரும்பினான். "மாப்ள வூட்டு ஆளுக்கு ஃபேனுக்குக் கீழ எடம் வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் வாங்க. வடை சூடா இப்பதான் எறங்குது."

"அந்தப் பையன் மூளைக்கு என்னா?"

"நம்மளவிட ஜாஸ்திண்ணே. அதான் பிரச்சினை. வாங்க நீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அதன்பின் ராஜாமணி செய்ததை இசைவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செல்வனின் தோளைத் தட்டி, பெரியவருக்கு இடமும் வலமும் கிடந்த வெற்று இடங்களைக் காட்டினான். செல்வன் துடைத்தான். புது இலைகளைப் போட்டான். நீர் தெளித்தான். அடுத்த பந்திக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எச்சில் இலையோடு ஒருவர் நடுவில் இருப்பதைக் கண்டு முதலில் தயங்கினார்கள். பிறகு ஒரு பெண், "பெரியப்பா, இன்னம் நீங்க முடிக்கலியா, நல்லதாப் போச்சு, தொணைக்கு ஆளாச்சு" என்று அவர் பக்கத்தில் அமர்ந்தாள்.

பரிமாறுகிறவர்கள் வரிசையில் வந்தார்கள். மற்றவர்களுக்குச் சாம்பார் விழுந்தது.

"ரசம்" என்றான் செல்வன், கலியமூர்த்தியின் பின்னாலிருந்து. பரிமாறுதல் அவன் வேலை இல்லை. வாளியை அவன் தொடவும் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் இட்டான். ரச வாளி வந்தது.

"பாயசம்" என்றான் நெடுநேரம் கழித்து. பாயசம் வந்தது. கலியமூர்த்தி அதை இலையிலிருந்து வழித்தெடுக்க முடியாமல் திணறியபோது ராஜாமணி ஒரு சிறிய கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுப் போனான். மோர்ச்சோறும் வந்தது. அருகிலிருந்தவர்கள் புது மணமக்களைப் பற்றியும், வீராணத்துத் தண்ணீரைப் பற்றியும், யார் வரவில்லை என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே உண்டார்கள். நடுவே ஏதோ ஒரு வேடிக்கைக்கு அவரும் சிரித்தார். சிரிக்கும்போது வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. அதை அவர் கையால் மறைக்கவில்லை.

அந்தப் பந்தி முடிந்தது. வரிசை ஒன்றாக எழுந்தது. கலியமூர்த்தியும் அவர்களோடு எழுந்தார். ஒரு பந்தியில் அமர்ந்தவர் இன்னொரு பந்தியோடு எழுந்தார். எல்லாருடனும் சேர்ந்து, ஒருவராக.

படியிறங்கி வந்த மாரியம்மாள் அவருடைய இலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதில் ஒரு பருக்கையும் இல்லை. கறிவேப்பிலை மட்டும் ஓர் ஓரத்தில் கிடந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னாங்க, மோரு சாப்புட்டீங்களா?"

"ஆங். மோரும் ஆச்சு. பாயசமும் ஆச்சு" என்றார் குழறிய நாவால். பிறகு, "வயிறு நெறஞ்சிருக்கு, மாரி" என்றார்.

செல்வன் அந்த இலையை எடுத்துக் கூடையில் போட்டான். மேசையைத் துடைத்தான். அடுத்த இடத்துக்கு நகர்ந்தான்.

பந்தி ஓய்ந்த பிறகு ஸ்ரீதர் இசைவாணியை அழைத்தார். அடுக்களையின் பின்வாசலில் முக்காலியில் அமர்ந்திருந்தார். பெரிய அண்டாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. ராஜாமணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"பந்தி தாமதமாச்சு. மாப்ள வீட்டுல ஒருத்தர் என்கிட்டயே வந்து சொன்னாரு. அத நான் மறக்கல" என்றார்.

"தெரியும் சார்."

"நீங்க கையத் தூக்கினதையும் பாத்தேன்."

இசைவாணி தலைகுனிந்தாள்.

"எறக்கினதையும் பாத்தேன்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்தத் தொழில்ல ஒருநாளும் நான் உக்காந்து யோசிச்சதில்லம்மா. எத்தன பந்தி போட்டிருக்கேன். இலை காலியாச்சா, எடம் காலியாச்சான்னுதான் பாப்பேன். வயிறு காலியா எழுந்து போனவங்க எத்தன பேரோ."

அவர் ராஜாமணியின் பக்கம் திரும்பினார்.

"இனிமே எங்க பந்தி போட்டாலும் கடைசி வரிசை அவனோடது. வயசானவங்க, கை கால் முடியாதவங்க, சின்னக் கொழந்தைங்கள வெச்சிருக்கற தாய்மாருங்க, எல்லாரையும் அங்கதான் உக்கார வைக்கணும். அந்த வரிசைக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாது. அவன் எடுக்கறப்பதான் இலை. ராஜாமணி, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன் சார். எனக்கும் வயசாவுது. அந்த வரிசையில ஒரு நாற்காலி எழுதி வெச்சுடுங்க."

"நாளன்னிக்குப் பரங்கிப்பேட்டையில நிச்சயதார்த்தம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவனக் கூட்டிட்டுப் போ." ஸ்ரீதர் இசைவாணியைப் பார்த்தார். "நீங்க வர வேண்டாம்மா."

"வராம இருந்தா அவன்…"

"வர வேண்டாம்னுதான் சொல்றேன். ஏதாவதுன்னா போன் பண்றேன். அவன் என் ஆளு."

கூடத்துக்குள் வேலைக்காரர்களின் பந்தி தொடங்கியிருந்தது. உழைத்தவர்கள் கடைசியாக உண்ணும் நேரம் அது. இசைவாணி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். செல்வன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். ராஜாமணி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மச்சான், அப்பளம் வேணுமா, இல்ல நானே எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். செல்வன் தன் அப்பளத்தை இடக்கையால் மூடிக்கொண்டான். வரிசை முழுவதும் சிரித்தது. அவன் வாசலின் பக்கம் பார்க்கவில்லை. அவள் அங்கே நிற்பது அவனுக்குத் தேவைப்படவில்லை. நெஞ்சை அடைக்க வேண்டிய அந்த நொடி, ஏனோ, அவளுக்குள் அகன்று விரிந்தது. ஓசைப்படாமல் வெளியேறினாள்.

கோயிலில் உச்சிக்கால வழிபாடு முடிந்து நடை சாத்தியிருந்தது. கிழக்குக் கோபுரத்தின் நிழல் தெருவில் நீண்டு கிடந்தது. இசைவாணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வெளித்திருச்சுற்றில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயிலில் காய்ந்த கல்தளத்தில் புறாக்கள் நடந்தன. மூடிய பெரிய கதவுக்கு எதிரே, ஒரு தூணில் சாய்ந்து மங்கலம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் உண்ணவில்லை என்பது உதடுகளில் தெரிந்தது.

இசைவாணியைக் கண்டதும் அவள் எழவில்லை. எழுவதற்கு அஞ்சியவள்போல் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"நாளன்னிக்குப் பரங்கிப்பேட்டைக்குப் போறான்க்கா. அவுங்களே பஸ் ஸ்டாண்டுல வந்து கூட்டிக்கறாங்க. என்ன வர வேண்டாம்னுட்டாங்க."

மங்கலம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். "இப்ப எங்க இருக்கான்?"

"சாப்புடறான். எல்லாரோடயும் ஒக்காந்து."

மங்கலம் மெல்ல எழுந்தாள். மகனிடம் ஓடுவாள் என்று இசைவாணி எதிர்பார்த்தாள். அவள் ஓடவில்லை. மூடிய கதவை நோக்கி நடந்தாள். உள்ளே ஆடுகிறவன் அடைத்த கதவுக்குப் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருப்பான் என்பதில் ஐயமற்ற நடை அது. படியருகே மண்டியிட்டாள். தேய்ந்த கல்லின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தாள். அவற்றைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எதையும் கேட்கவில்லை, உதடுகள் அசையவும் இல்லை. சிறிது நேரம் தலை தாழ்ந்தே இருந்தது. சற்றுத் தள்ளி நின்ற இசைவாணியும் கண்களை மூடினாள். அவள் அறிந்த இறைவனின் பெயர் வேறு. ஆயினும் அந்த அமைதியில் நிற்க அவளுக்குத் தடை எதுவும் தோன்றவில்லை.

மங்கலம் திரும்பி வந்தாள். கல்லின் சூடு மாறாத உள்ளங்கையை இசைவாணியின் உச்சியில் வைத்தாள்.

"நல்லா இரு தாயே. நீ போற எடமெல்லாம் கதவு தொறக்கட்டும். இன்னம் எத்தனையோ புள்ளைங்க வூட்டுக்குள்ள குந்தியிருக்குதுங்க. அதுங்க அத்தனையும் உன் கையால வெளிய வரட்டும்."